நான்கு கம்பிகளின் தடிமன்

கம்பி வாங்குவதும் செருப்பு வாங்குவதும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுதான். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். கடித்தால், போகப் போகப் பழகிவிடும் என்பார்கள். என் பழுது பார்க்கும் கடைக்கு வருகிற பேஸ்காரர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் வாத்தியத்தில் என்ன தடிமனில் கம்பி இருக்கிறது என்றே தெரியாது. கேட்டால், "நல்ல ஸ்ட்ரிங்தான் சார்" என்பார்கள்.

உங்களையும் அந்த வரிசையில்தான் வைக்கிறேன், இன்ஸ்பெக்டர் சார், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புகாரில் 'கிட்டார் கம்பி' என்று எழுதியிருக்கிறீர்கள். பேஸ் வேறு, கிட்டார் வேறு; பேஸில் நாலே தடித்த கம்பி, அடிச்சுரம் மட்டும். போகட்டும். தேநீர் வரவழைத்துக் கொடுத்தீர்கள். "குடும்ப விஷயம், பேசித் தீத்துக்குங்க, கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க" என்றும் சொல்லிவிட்டீர்கள். தம்பி மனைவி கொடுத்த புகாரைத் தம்பியே வந்து உடைத்துவிட்டான். "எங்க அண்ணன் வேணும்னு செய்யல சார். தெரியாம நடந்துபோச்சு" என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னானாம். கீழே அவன் கையெழுத்தும் இருக்கிறது. வலது கை நன்றாகத்தான் வேலை செய்கிறது. போனது இடது கை.

நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் 'தெரியாமல்' என்ற சொல் கண்ணில் பட்டுவிட்டது. கம்பி விஷயத்தில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடந்ததில்லை. அதனால்தான் திரும்ப உட்கார்ந்தேன். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி சோம்பேறி. நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தாளக் கருவியைத் தட்டவிட்டு, விரல் நுனி தோல் உரியும்வரை சாதகம் பண்ணியவன். அவன் சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, வயிற்றின் மேல் என் பழைய பேஸை வைத்து, டிவியில் வரும் விளம்பரத்துக்கெல்லாம் கூடவே வாசிப்பான். அப்படித்தான் கற்றுக்கொண்டான், அதைக் கற்றுக்கொள்வது என்று சொல்ல முடியுமானால். பிற்பாடு அவன் மேடைக்குப் போனான். நான் மேடை வேண்டாம் என்று முடிவு செய்து பழுது பார்க்கும் தொழிலுக்கு வந்தேன். மேடைதான் என்னை வேண்டாம் என்றது என்று அவன் மனைவி யாரிடமோ சொல்லியிருக்கிறாள். அவள் அப்படித்தான் பேசுவாள்.

ஒரு நாள் கடைக்கு வந்தவன், சுருதியை மாற்றப் போவதாகச் சொன்னான். பேஸின் நாலு கம்பிகளுக்கும் நடுவே உள்ள சுர இடைவெளி சின்னது. கை அதிகம் விரியாமல் எல்லாம் எட்ட வேண்டும் என்றுதான் ஊர் உலகமே அப்படிச் சுருதி கூட்டுகிறது. இவனுக்குக் கீழ்க்கம்பி இன்னும் கீழே இறங்க வேண்டும், மேல்கம்பி இன்னும் மேலே ஏற வேண்டும், செல்லோ என்கிற பெரிய வயலினில் இருப்பதுபோல.

"செல்லோ மாதிரிண்ணா. ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவுல நல்லா காத்தோட்டமா இருக்கணும்."

"கை ரொம்ப விரியணுமேடா. தாங்குவியா?"

"அதை நான் பாத்துக்கறேன். ஸ்ட்ரிங் மட்டும் நீ பாத்துக் கொடு. உன்னை விட்டா எனக்கு யாரு?"

சுருதியை இறக்கினால் கம்பி தொளதொளவென்று தொங்கும், அதற்குத் தடித்த கம்பி போட வேண்டும். ஏற்றினால் விறைக்கும், அதற்கு மெலிந்தது. நாலும் விரலுக்கு ஒரே பாரமாகத் தெரிய வேண்டும். இப்படி ஒரு சுருதிக்கு நாலும் சேர்ந்த கட்டாக எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். நான் பொறுக்கினேன். கீழிருந்து மேலாக நூற்று முப்பது, தொண்ணூற்றைந்து, அறுபத்தைந்து, நாற்பது. அங்குலத்தை ஆயிரமாக வெட்டிய கணக்கு இது. நீங்கள் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். அந்த முதல் கட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எந்தப் பெரிய ஆள் வந்து பார்த்தாலும் தலையாட்டுவான்.

மாட்டி முடித்ததும் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தான். பக்கத்து அறையில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறவர் சூடான சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றுவிட்டார். தெருவில் போன ஒருத்தி குடையை மடக்கிவிட்டு நின்றாள். சும்மா நிற்கச் சொன்னால் நிற்பதற்கு எப்போதும் ஆள் இருக்கிறது.

பிறகு ஒரு நிகழ்ச்சி. பெரிய அரங்கம். பாட்டுக்கு நடுவில் மைக்கை வாங்கி, "இந்த சவுண்டு உங்களுக்குப் பிடிச்சிருந்தா அதுக்கு எங்க அண்ணன்தான் காரணம். எனக்கு ஸ்ட்ரிங் மாட்டித் தர்றது அவர்தான். அண்ணா, எந்திரிங்க" என்றான். எழுந்து நின்றேன். கைதட்டினார்கள். ஸ்ட்ரிங் மாட்டித் தருகிறவன். உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலி அம்மாள், "நீங்களும் வாசிப்பீங்களா?" என்று கேட்டாள், பல் முளைத்துவிட்டதா என்று குழந்தையைக் கேட்கிற குரலில்.

நான் கோபப்படவில்லை. கோபம் என்பது கீழே இருக்கிறவனுக்கு மேலே இருக்கிறவன் மேல் வருவது. எனக்கு வந்தது ஒரு யோசனை. இவ்வளவு சுலபமாக வருகிற ஒன்று, கொஞ்சம் கடினமாக்கினாலும் வருமா என்று பார்க்கத் தோன்றியது.

அடுத்த முறை கம்பி மாற்றும்போது கீழ்க்கம்பியை ஒரு படி தடிப்பாக்கினேன். அதற்கடுத்த முறை மற்றவற்றையும். தடித்த கம்பியை அதே சுருதிக்கு இழுத்தால் விறைப்பு கூடும், அழுத்துகிற விரலுக்குப் பாரம் கூடும். கழுத்துக்கு உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் திருகிக் கழுத்தைச் சரிசெய்தேன், இல்லாவிட்டால் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். கம்பி உட்காருகிற பித்தளைத் துண்டுகளை ஒரு மயிரிழை உயர்த்தினேன். தடிமன் அச்சடித்த உறைகளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் மாட்டுவேன். ஒரேயடியாக ஏற்றினால் தெரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் விரல் தன்னைத்தான் சந்தேகப்படுமே தவிர, கம்பியைச் சந்தேகப்படாது.

அவனும் அப்படித்தான். "எனக்கு வயசாகுதா என்னன்னு தெரியலண்ணா. முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது" என்றான்.

"பயிற்சி பத்தல. நான் அப்பவே சொன்னேன்."

உடனே ஒப்புக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக முறையாகப் பயிற்சி செய்தான். அந்த விறைப்பில், அந்த விரிப்பில், காலையிலும் மாலையிலும். அவனை ஒழுங்குக்குக் கொண்டு வந்தவன் நான்தான். அதை யாரும் புகாரில் எழுதவில்லை.

முழங்கையிலிருந்து சுண்டுவிரல்வரை மின்சாரம் ஓடுவதுபோல் வலி என்று ஆரம்பித்தான். கடைக்கு வந்து உட்காருவான். கையை என் மடிமேல் வைப்பான். நானே எண்ணெயைச் சூடாக்கி, விரல் விரலாக நீவிவிடுவேன். எந்த இடம் வீங்கியிருக்கிறது, எது இன்னும் தாங்கும் என்று அப்போதுதான் துல்லியமாகத் தெரியும். அதை வைத்துத்தான் அடுத்த கட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

"நிறுத்திப் பாக்கட்டுமாண்ணா கொஞ்ச நாள்?"

"நிறுத்தினா விரல் இறுகிடும்டா. வலியோட வாசிச்சாத்தான் நரம்பு வழிக்கு வரும்."

சரி என்றான். சின்ன வயதிலும் அப்படித்தான். நான் சொன்னால் சுவரில்கூடக் கதவு இருக்கிறது என்று நம்புவான். இவ்வளவு நம்புகிறவனை எப்படி மதிப்பது, நீங்களே சொல்லுங்கள்.

அவன் மனைவிதான் கொஞ்சம் மூளை உள்ளவள். ஒரு மத்தியானம் தனியாக வந்தாள். கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"அத்தான், மெல்லிசான ஸ்ட்ரிங் போட்டா வலி குறையுமான்னு டாக்டர் கேட்டாரு."

"டாக்டருக்கு பேஸ் பத்தி என்னம்மா தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா இவருக்குச் சட்டை பட்டன் போட வரல. நான்தான் போட்டு விடறேன். சிரிச்சுக்கிட்டே நிக்கறாரு. எனக்குப் பயமா இருக்கு."

கம்பி மாற்ற வந்திருந்த வாத்தியத்தை அவள் முன்னாலேயே மேசைமேல் கிடத்தி, மேல்கம்பியைக் கழற்றிவிட்டு மெலிந்தது ஒன்றை மாட்டினேன். வெர்னியர் அளவுகோலில் அளந்து எண்ணையும் காட்டினேன். கண் கலங்கிக் கும்பிட்டாள். அவள் தெரு முனை திரும்பியதும் மற்ற மூன்றையும் ஏற்றினேன்.

அதற்குப் பிறகு அதிக நாள் பிடிக்கவில்லை. ஒரு ஒத்திகையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்பக்கம் மடங்கிக்கொண்டன. விரிக்க முடியவில்லை. முழங்கை நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார்கள், கீறினார்கள், தைத்தார்கள். கொஞ்சம் முன்னாலேயே ஓய்வு கொடுத்திருந்தால் தேறியிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு விரலும் திரும்பவில்லை. தம்பி கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "பாவம், நீ எவ்வளவு பாடுபட்டே எனக்காக" என்றான். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

தம்பி வாசித்த குழுவின் பாடகனை எல்லாரும் 'சீப்பு' என்பார்கள். இரண்டு வரிக்கு ஒரு தடவை தலை வாருவான். அவன் என்னைக் கூப்பிட்டான். அந்தச் சுருதி எனக்குத்தானே தெரியும், தம்பி இடத்தில் வாசிக்க முடியுமா என்றான். தம்பியின் பேஸையே எடுத்துப் போனேன். அதற்கு முன்னால் பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டு, அந்த முதல் கட்டின் தடிமனிலேயே புதிதாக மாட்டினேன். சித்திரவதை பட்டுக்கொண்டு வாசிப்பதில் அர்த்தமில்லை. பாடல்கள் எல்லாம் மனப்பாடம். ஒரு சுரம் தவறவில்லை. பாதியில் டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். சீப்பு தலையை வாரினான்.

"நோட்டெல்லாம் கரெக்டாத்தான் சார் இருக்கு" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். மறுபடி கூப்பிடவில்லை. இப்போது கீபோர்டில் ஒரு ஆள் இடது கையால் பேஸ் பகுதியைத் தட்டிக்கொண்டிருக்கிறான். அவர்கள் தரத்துக்கு அது போதும்.

கழற்றிய கம்பிகளைச் சுருட்டி பேஸ் பெட்டியின் பையிலேயே போட்டிருந்தேன். ஒளிக்க நினைத்திருந்தால் ஒளித்திருப்பேன். தம்பி மனைவி வாத்தியத்தை விற்க எடுத்துப் போன இடத்தில், கீபோர்டு விற்கிற ஒருவர் அவற்றை வெளியே எடுத்து அளந்து பார்த்து, "இதைப் போட்டா மனுசன் வாசிச்சாரு?" என்று கேட்டாராம். அவள் நேராக இங்கே வந்திருக்கிறாள். அவள் எழுதியது சரி. அவன்தான் வந்து அண்ணனுக்குக் கை தவறிவிட்டது, கண் மங்கிவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். என்னை மன்னிக்க அவன் யார்? கண் மங்கியவன் என்று சொல்ல அவனுக்கு என்ன தகுதி?

எழுதிக்கொள்ளுங்கள். தெரியாமல் இல்லை, தெரிந்துதான். ஒவ்வொரு கம்பியையும் அளந்து, அவன் கையைத் தொட்டுப் பார்த்து, எவ்வளவு ஏற்றினால் எங்கே நோகும் என்று கணக்குப் போட்டு மாட்டினேன். அந்தக் கையை முடக்கியவன் நான். 'கவனக்குறைவு' என்று ஒரு இடத்திலும் வரக் கூடாது. பொறாமை என்றும் எழுத வேண்டாம், பொறாமைப்பட அங்கே ஒன்றும் இல்லை. முறையாகக் கற்காத ஒருவனைச் சங்கீதத்திலிருந்து விலக்கினேன், அவ்வளவுதான்.

காலையில் கடையைத் திறந்ததும் அவனுடைய ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்கிறேன். ரசிப்பதற்கு அல்ல. இப்படி வளர்ந்தவன் எங்கேயாவது தடுக்கி விழுந்திருப்பான் அல்லவா, அந்த இடத்தைப் பிடிப்பதற்கு. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவதைக் கேட்டு ஆம்ப்ளிஃபயர்காரர் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அழுகிறேன் என்று நினைத்திருப்பார், விஷயம் தெரியாத மனிதர். இதுவரை அந்த இடம் அகப்படவில்லை. இருக்கிறது, எங்கேயோ இருக்கிறது. நாளைக் காலையில் என்னைக் கொஞ்சம் கடைக்குப் போக விட்டால், இன்னொரு தடவை கேட்டுப் பார்த்துவிடுவேன்.