கூட்டம் முடியட்டும்

நவம்பர் மாதம், ஞாயிறு மாலை நான்கு மணி. மலைமேட்டுச் சாலையில் அதற்குள் இருட்டிவிட்டது. மழைத் தூறல். ஆடுகள்கூட இல்லை... நானும் என் கணவன் எனோக்கும் மட்டும். அவன் வாயில் எப்போதும்போல ஒரு பெப்பர்மின்ட்.

"என்னமோ சொல்லணும்னியே, என்ன?" என்றேன்.

"கூட்டம் முடியட்டும், மெர்சி."

"இப்பவே சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

"முடியட்டும்."

சிரித்தான். நனைந்த கம்பளிக் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

கிறிஸ்தவர்களில் குவேக்கர் என்ற பிரிவினரான எங்கள் வழிபாட்டில் பாட்டு இல்லை, பாதிரியார் இல்லை. வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்போம். கடைசியில் முன்பெஞ்சில் இருக்கும் மூப்பர் இருவர் கைகுலுக்கினால்தான் கூட்டம் முடிந்ததாக அர்த்தம். அன்றுவரை முந்நூறு வருஷமாக எங்கள் ஊரான கார்ஸ்கில்லில் அந்த வழக்கம் தவறியதில்லை. ஒருமுறை இப்படிக் கூடியதற்காகப் பெரியவர்களையெல்லாம் பிடித்துச் சிறையில் போட்டபோது, பிள்ளைகளே வந்து உட்கார்ந்து, பிள்ளைகளே கைகுலுக்கி முடித்தார்களாம்.

அன்று மூப்பர்கள் எனோக்கும் வில்ஃப்பும். அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. ஓர் இருமல்கூட இல்லை. நேரம் வந்ததும் வில்ஃப் கையை நீட்டினான். எனோக் நீட்டவில்லை. ஆழ்ந்த ஜெபம் போலிருக்கிறது என்று காத்திருந்தோம். எங்கள் மரியாதை அப்படி. கணப்பு அணைந்தது. மழை நின்றது... இன்னும் காத்திருந்தோம். கடைசியில் நான்தான் எழுந்துபோய்த் தொட்டேன்.

சில்லென்று இருந்தான். பாதி கரைந்த பெப்பர்மின்ட் கன்னத்தோரம் அப்படியே இருந்தது.

அந்த அமளியில் யாரும் கைகுலுக்கவில்லை.

இப்போது குளிர்கால இரவுகளில் இளசுகள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து, யாரோ சிநேகிதியின் அத்தைக்கு நடந்ததாக இதைச் சொல்லிப் பயந்துகொள்கிறார்கள். அந்த அத்தை நான்தான். அவர்களுக்குத் தெரியாத மிச்சம் ஒன்று உண்டு.

ஞாயிறு வழிபாடு முடிந்து எல்லோரும் போனபின் கூடத்தின் கதவைப் பூட்டுவது என் வேலை. போன குளிர்காலத்தில் ஒருநாள், சாவியைத் திருப்பப் போகும்போது உள்ளே... டொக். எனோக் உட்காரும் முன்பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. ஆள் உட்கார்ந்தால்தான் அந்தச் சத்தம் வரும். பிறகு நனைந்த கம்பளி வாசனை. வெளியே மழையே இல்லை.

எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"என்ன சொல்ல வந்த? சொல்லித் தொலையேன்!"

சாவியை உருவிக்கொண்டு உள்ளே போனேன்.

"உயிரோட இருந்தப்பவும் இதே கதை. இப்பவுமா? வாயத் தொறயேன்டா!"

சுவர்க் கடிகாரம் மட்டும் டிக்... டிக்...

அப்போதுதான் உறைத்தது. கூட்டம் முடியாமல் எப்படிப் பேசுவான்? போய் வில்ஃப்பின் இடத்தில் உட்கார்ந்தேன். இருட்டில் கையை நீட்டினேன்.

"சரி, குடு கைய. முடிச்சிடலாம்."

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. சில்லென்று... பெப்பர்மின்ட் வாசனையோடு.

ஒவ்வொரு ஞாயிறும் நீட்டுகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் பிடிக்கிறான்.

குலுக்குவதில்லை.