மூன்றாம் நாள் சீட்டு

சோப்பு தீர்ந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் கஷ்டம். கடையில் பதினோரு வகை அடுக்கி வைத்திருக்கிறான். இருபது நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவேன். அக்கா சிரிப்பாள். "சோப்புக்கே இந்தப் பாடுன்னா, உனக்கு வந்த ரெண்டு மாப்பிள்ளையும் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டதுல ஆச்சரியமே இல்லடி."

அவள் சொல்வது சரிதான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்து முடிப்பதற்குள் அவர்களுக்குப் பிள்ளைகளே பிறந்துவிட்டார்கள்.

நீங்கள் பட்டன் கடைக்காரர் கொடுத்த புகாரின் பேரில் வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள், ஒளிக்க ஒன்றும் இல்லை.

இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு அறுபத்தாறு வயது, அக்காவுக்கு அறுபத்தொன்பது. நான் நீதிமன்றத்தில் நகல் பிரிவில் இருந்தேன். இருபத்தொன்பது வருஷம் மற்றவர்கள் எழுதிய தீர்ப்புகளைக் கமா மாறாமல் பெயர்த்து எழுதினேன். அக்கா ஒரு பெரிய தையல் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவள். கணவரை இழந்து இங்கே வந்த மறு வாரமே வேலைக்குப் போய்விட்டாள். கத்தரியை வைத்தால் ஒரே இழுப்புதான், பாதியில் நிற்காது.

வீட்டு விஷயங்களுக்கு மட்டும் அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. முடிவை ஒரு சீட்டில் எழுதி, நாலாக மடித்து, ஃபிரிட்ஜின் மேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவாள். மூன்று நாள் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்து பிரிப்பாள். சீட்டும் மனசும் ஒன்றாக இருந்தால் செய்வாள். வேறு வேறாக இருந்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுவாள். "ஊறினாத்தான் அழுக்குப் பிரியும்" என்பாள்.

வயதாக ஆக எல்லோருக்கும் தயக்கம் கூடும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. மிச்சத் துணி கொஞ்சம்தான் என்னும்போது கத்தரி வைக்கக் கை நடுங்காதா? அவளுக்கு நேர்மாறாக இருந்தது. "முப்பது வயசுல ஒரு முடிவு எடுத்தா நாப்பது வருஷம் அதோட குடித்தனம் பண்ணணும். இப்ப தப்பாப் போனாலும் எத்தனை நாளைக்கு?" என்று சொல்லிக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள். மனசு லேசாக இருக்கிறவர்கள் நறுக்குகிற சத்தமே வேறு. பொறாமை என்று எழுதிக்கொள்ள வேண்டாம். வயிறு கொஞ்சம் எரிந்தது, அவ்வளவுதான்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கையெழுத்து. என் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

முதலில் ஜன்னல் திரை. 'பச்சைத் துணி வாங்கலாம்' என்று எழுதியிருந்தாள். அதை எடுத்துவிட்டு, 'பழைய திரையே போதும்' என்று எழுதிப் போட்டேன். மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்துச் சிரித்தாள். "பச்சைன்னு எழுதினதா ஞாபகம். கிழவியாயிட்டேன்டி." அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்தது பட்டன் கடைக்காரர், மூன்று வருஷத்துக்கு முன்பு. அக்காவின் தையல் கடைக்கு நூலும் பட்டனும் அவரிடம்தான் வாங்குவார்கள். மனைவியை இழந்தவர். பழைய கோட்டுக்கு ஒரு பட்டன் குறைந்தால் ஊரெல்லாம் தேடி ஜோடி பிடித்துக் கொண்டுவருவார். "தனித்தனியா ரெண்டு வீட்டுல ரெண்டு அடுப்பு எதுக்குங்க?" என்று அக்காவைக் கேட்டாராம். சொல்லும்போது அவள் முகம் சிவந்துவிட்டது. அறுபத்தாறு வயதில் சிவக்கிற முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்தச் சீட்டைப் பிரித்தேன். 'அவரோடு போகிறேன். தங்கச்சியும் எங்களோடு வருவாள்.' என் வாழ்க்கையையும் ஒரு வரியில் வெட்டித் தைத்திருந்தாள். என்னிடம் அளவுகூட எடுக்கவில்லை. 'வேண்டாம். இந்த வயதில் எதற்கு' என்று எழுதிப் போட்டேன்.

அதை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள்.

"இது நான் எழுதினதா?"

"உன் கையெழுத்துதானே அக்கா."

"ஆமா. கை பொய் சொல்லாது." அவரிடம் வேண்டாம் என்று அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று வெங்காயம் நான் நறுக்கினேன்.

அதன் பிறகு எங்களுக்குள் ஒரு அன்னியோன்னியம் வந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் புடவை கட்டட்டும், கதவைப் பூட்டினேனா என்று என்னைக் கேட்க ஆரம்பித்தாள். வெட்டப் போன துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதாகக் கடையில் சொன்னார்கள். வேலையை விட்டாள். கடைத்தெருவுக்கு இருவரும் போய் சோப்புகளைப் பார்த்தபடி சேர்ந்து நிற்போம். எனக்கு அறுபது வருஷமாகக் கிடைக்காத துணை.

பிறகுதான் அக்காவின் கண். உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது, சொட்டு மருந்து இனிக் கேட்காது என்றார் டாக்டர். ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் இருக்கிற பார்வை நிற்கும், நரம்பு பட்டுப்போனால் திரும்பாது. வெளியே வரும்போதே அக்கா நிமிர்ந்துவிட்டாள். பழைய நடை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சீட்டு எழுதினாள். 'செய்துகொள்கிறேன்.' ஒரே சொல், ஒரே இழுப்பு.

அந்த நடையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

'வேண்டாம், பயமாக இருக்கிறது' என்று எழுதினேன். மூன்றாம் நாள் படித்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தாள். "பயமா? எனக்குள்ள பயம் இருந்திருக்கு, எனக்கே தெரியல பாரேன்." அடுத்த வாரம் மறுபடி எழுதினாள், பெரிய எழுத்தில். நானும் பெரிய எழுத்தில் எழுதினேன். அந்த மாதம் முடிந்தது. ஐந்து மாதத்தில் விளக்கு எரிகிறதா என்று கேட்க ஆரம்பித்தாள். மத்தியான வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

போன வாரம் பட்டன் கடைக்காரர் பார்க்க வந்தார். பயந்து ஆபரேஷன் வேண்டாம் என்றதாக அவளே சொன்னாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கத்தரிக்குப் பயப்படாதவ, கத்திக்கா பயந்தா?" என்றார். அவ்வளவுதான் பேசினார். பிறகு உங்களிடம் வந்திருக்கிறார்.

அவள் எழுதிய மூலச் சீட்டுகள் இந்தக் கோப்பில் தேதி வாரியாக இருக்கின்றன. நகல் எடுத்தால் மூலத்தை அழிக்கக் கூடாது என்பது எங்கள் பிரிவின் விதி. மொத்தம் நாற்பத்தொன்று. மாற்றி எழுதியது நான்தான், எல்லாவற்றையும்.

இப்போதும் எழுதுகிறாள். வரி மேல் வரி ஏறிவிடும். மூன்றாம் நாள் நான் படித்துக் காட்டுவேன். டப்பாவில் இப்போது இருப்பது நேற்று எழுதியது. 'நான் போய்விட்டால் தங்கச்சிக்கு ஒரு சோப்பு வாங்கக்கூடத் தெரியாது. அவளைத் தனியாக விடக் கூடாது.' இதை மட்டும் மாற்றவில்லை. மாற்ற ஒன்றும் தோன்றவில்லை.

ஸ்டேஷனுக்குப் புறப்படலாம் என்கிறீர்கள். வருகிறேன். எந்தச் செருப்பைப் போட்டுக்கொள்வது என்று அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். இந்த வீட்டில் முடிவெடுப்பது எப்போதும் அவள்தான்.