முப்பத்தாறாவது மீட்டரில் கட்டிய துணி

எனது பெயரும் முகவரியும் இணைப்புத் தாளில் கண்டபடி. வயது இருபத்தாறு. கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் வரைவாளராக வேலை செய்கிறேன். அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள் ஆகியோருடன் இரண்டு அறை வீட்டில் வசிக்கிறேன். படுக்க இடமில்லாததால் அக்காவின் கணவர் தான் வேலை செய்யும் பட்டறையிலேயே தூங்குகிறார். அவர்கள் அரசுக் குடியிருப்புக்கு விண்ணப்பித்து நான்கு வருடங்கள் ஆகின்றன.

எங்கள் தெருவுக்கு மேற்கே உள்ள காலி இடத்தில் பன்னிரண்டு மாடிகளில் நானூறு வீடுகள் கட்டும் அரசுக் குடியிருப்புத் திட்டத்தைத் தெருச் சங்கம் எதிர்க்கிறது. தண்ணீர், சாக்கடை, வெளிச்சம் பற்றிய அவர்களுடைய பயம் பொய்யல்ல. கட்டடத்தின் உயரத்தைக் காட்ட, கயிறு கட்டிய பெரிய பலூனை ஏற்றிப் படமெடுத்து, மறுநாள் நகராட்சி விசாரணையில் கொடுப்பதாக ஏற்பாடு. கயிற்றை அளக்கும் வேலை என்னிடம் வந்தது. மாடிக்கு மூன்று மீட்டர் என்று கணக்கிட்டு, முப்பத்தாறாவது மீட்டரில் சிவப்புத் துணி கட்டினேன்.

இன்று காலை ஏழரை மணிக்குப் பலூன் ஏற்றப்பட்டது. அதன் பிறகு அந்தத் துணி, தெருவில் மைக் மாமா என்று அழைக்கப்படும் சங்கச் செயலாளரின் கையைத் தாண்டி மேலே போனது.

"மாமா, துணி தாண்டிடுச்சு, நிறுத்துங்க" என்றேன்.

"பன்னெண்டுன்னு சொல்லிட்டு இருபது கட்டுவானுங்கம்மா. நாம கொஞ்சம் அட்வான்ஸா ஏத்துறோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "அக்காவுக்கு வீடு வருதுல்ல, இவளுக்கு உள்ள அரிக்குது" என்றார். நான் மறுக்கவில்லை.

அதன் பிறகு அறுபது மீட்டர் கயிறும் விடப்பட்டது. இறக்கும்படி மூன்று முறை கேட்டேன். அந்தப் படம் விசாரணைக்குப் போனால் திட்டம் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். புகைப்படக்காரர் கேமராவை உயர்த்தியதும், பையிலிருந்த பேப்பர் கத்தியால் கயிற்றை அறுத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால், சிறிது நேரம் யாரும் என்னைத் திட்டவில்லை.

இந்தக் காவல் நிலையத்தில் என் மீது புகார் கொடுத்துள்ள செயலாளர் மீது எதிர்ப் புகார் கொடுக்க விரும்பவில்லை.

கேட்கப்படாத ஒன்றையும் சொல்கிறேன். போன வாரம் அலுவலகத்தில் அந்தக் கட்டடத்தின் நிழலை ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். சரியான உயரத்தில் கட்டினாலும் மதியம் இரண்டரைக்கு மேல் எங்கள் தெருவில் வெயில் விழாது. அந்தத் தாளைச் சங்கத்திடம் கொடுக்கவில்லை, அக்காவிடமும் காட்டவில்லை. அளவு தப்பு என்று கயிற்றை அறுத்துவிட்டு, சரியான அளவை மட்டும் நான் மறைத்து வைக்க முடியாது. அதை இத்துடன் ஒப்படைக்கிறேன்; நாளைய விசாரணைக்கு அனுப்பவும். என்னை அழைத்துப் போக அக்கா வந்து வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாள். அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, சொன்னது உண்மை.

(கையொப்பம்)