கடைசியாக வந்தவருக்கும் அதே அறுநூறு

மேடையில் அமர்ந்திருக்கும் நம் பைக் பந்தயச் சங்கத் தலைவர் தேவராஜ் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் சரசா அண்ணி அவர்களே, அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் வேலை முடிந்த கையோடு வண்டியை முறுக்கிக்கொண்டு வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கும் பந்தய வீரர்களே, வீராங்கனைகளே, அனைவருக்கும் வணக்கம். என் பெயர் அமீருதீன். பூந்தமல்லியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மறைந்த படக்கலைஞர் அண்ணன் ஜெகதீசன் அவர்களோடு ஒன்பது வருடம் பந்தயத் தடத்தில் நின்றவன். அதில் முதல் இரண்டு வருடம் அவருக்குப் போட்டிக்காரன்.

உருக்கமாகப் பேசவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் வந்தேன். மண்டப வாசலில் நூற்றுக்கும் மேற்பட்ட பைக்குகள் நிற்பதைப் பார்த்தேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். இன்ஜின் சத்தம் காதில் விழுந்தாலே முகம் மலர்ந்துவிடும் மனிதருக்கு அழுகுரலிலா அஞ்சலி செலுத்துவது?

யார் இந்த ஜெகதீசன்? கள்ளிக்குப்பத்துக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் உதிரிபாகங்களின் அளவு சரிபார்த்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். கைக்கு வந்த பணத்தில், நாற்பத்தைந்து வயதில், ஒரு கேமரா வாங்கினார். சொந்தக்காரப் பையன் ஒருவன் வாரக் கடைசியில் பைக் பந்தயம் ஓட்டுகிறான் என்று அவனோடு தடத்துக்குப் போனார். அன்றைக்குப் பிடித்தது அந்தக் கிறுக்கு. போன மாதம் மாரடைப்பு வந்து நம்மைவிட்டுப் போகும்வரை அது தெளியவே இல்லை.

நான் அவருக்கு முன்பிருந்தே அங்கே படம் எடுத்து விற்றுக்கொண்டிருந்தேன். கல்யாண ஆல்பம் போட்டுப் பழகியவன் வேறெப்படி விலை வைப்பான்? ஒரு படம் நானூறு ரூபாய். முதல் மூன்று இடத்துக்குள் வந்தவர் என்றால் ஆயிரம். ஜெயித்தவர்கள்தானே ஆசையாக வாங்குவார்கள் என்று நினைத்தேன். ஜெயித்தவர்களும் வாங்கவில்லை. கீழ் ஓரத்தில் என் ஸ்டுடியோ பெயரைப் போட்டு அனுப்பிய மாதிரிப் படத்தையே போனில் வெட்டி வைத்துக்கொண்டார்கள். சிரிக்காதீர்கள். அவர்களில் நான்கு பேர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள்.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? வெளிவாசலில் டீக்கடை பக்கத்தில் ஒரு மேசை போட்டார். மேசையில் லேப்டாப். அதற்குப் பின்னால் சரசா அண்ணி. அண்ணன் எடுத்துவரும் படங்களை வண்டி எண் வாரியாக அண்ணி பிரித்து வைப்பார். முன்னால் ஒரு அட்டை: உங்கள் எண்ணைச் சொல்லுங்கள், இன்று எடுத்த உங்கள் படம் எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய். முதலில் வந்தவருக்கும் அறுநூறு, கடைசியாக வந்தவருக்கும் அதே அறுநூறு, விழுந்து எழுந்தவருக்கும் அதே அறுநூறு.

தொழிலைக் கெடுக்கிறீர்களே என்று நான் சண்டைக்குப் போனேன். ஒரு டீ வாங்கிக் கையில் கொடுத்தார். "பாய், மொதல்ல வர்றவனுக்குக் கப்பு கீது. பத்தொம்பதாவதா வர்றவனுக்கு இன்னா கீது? அவனும் டயர் வாங்கினான், பீஸு கட்னான், ஊட்ல திட்டு வாங்கிகினு வந்தான். அவனாண்ட போய் ஒவ்வொரு படத்துக்கும் காசு கேட்டா இன்னா பண்ணுவான்?" என்றார். படங்களை நிதானமாகச் செவ்வாய், புதனில் அனுப்புவது என் வழக்கம். அதையும் விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெயமை சாயங்காலம் வரைக்குந்தான் பாய் அவன் ரேஸ்காரன். திங்கக்கெயமை ஆபீஸ்காரன் ஆயிடுவான். ஆபீஸ்காரன் படம் வாங்க மாட்டான்."

அன்று நான் விற்றது ஏழு படம். அவர் மேசையில் வாங்கிப் போனவர்கள் முப்பத்தெட்டுப் பேர். மூன்றாவது வருடம் நானும் அதே மேசையில் போய் உட்கார்ந்தேன்.

அவர் நிற்பது எப்போதும் ஐந்தாவது வளைவில். எல்லாரும் வேகம் குறைத்து வண்டியைச் சாய்த்தே ஆகவேண்டிய இடம். சாய்ந்து வருகிறவருடைய கண்கள் ஹெல்மெட்டுக்குள்ளே தெரியும். யாருடைய படமாவது சரியாக விழவில்லை என்றால் அந்த எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். அடுத்த சுற்றில் அவருக்காகவே காத்திருப்பார். எத்தனை பேர் அந்த உள்ளங்கையில் இருந்திருக்கிறீர்கள்!

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் மாதத்துக்கு வருகிறேன். இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாரே சுவேதா, ஆவடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர், நாற்பத்தேழாம் எண் வண்டி. அன்று ஆறாவது இடத்தில் கிளம்பினார். ஒவ்வொருவராகத் தாண்டினார். கடைசிச் சுற்றில் ஐந்தாவது வளைவுக்கு அவரும் எட்டாம் எண் வண்டியும் இரண்டாம் இடத்துக்காக ஒட்டிக்கொண்டு வந்தார்கள். உரசிவிடுவார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணனுடைய கேமரா மட்டும் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. சுவேதா இரண்டாவதாக வந்தார்.

அந்த மகிழ்ச்சி எத்தனை நிமிடம் நீடித்தது? எட்டாம் எண் ஒரு பணக்கார அணியின் வண்டி. சுவேதா தடத்தின் ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி வெளியே போய் முந்திவிட்டார் என்று அணியின் மேலாளர் புகார் கொடுத்தார். பத்து விநாடி தண்டனை. இரண்டாம் இடம் ஏழாம் இடமாயிற்று. மறுப்புச் சொல்ல அரை மணி நேரம்தான் அவகாசம்.

மேலாளர் நேராக எங்கள் மேசைக்கு வந்து, ஐந்தாவது வளைவின் படங்களைக் காட்டச் சொன்னார். பார்த்தார். நாங்களும் பார்த்தோம். சுவேதாவின் இரண்டு டயரும் கோட்டுக்கு உள்ளே. வெளியே போயிருந்தது எட்டாம் எண். மேலாளர் குரலைத் தாழ்த்தி, இந்த வளைவின் படம் எல்லாவற்றையும் நானே வாங்கிக்கொள்கிறேன், உங்களிடம் பிரதி இருக்கக்கூடாது, ஒரு லட்சம் தருகிறேன் என்றார்.

அந்த மாதம்தான் அண்ணனுடைய பெரிய லென்ஸ் விழுந்து உடைந்திருந்தது. என்னுடையதை இரவல் வாங்கி எடுத்துக்கொண்டிருந்தார். இந்தச் சபையில் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் மிதித்தேன்.

அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார், உங்க பையன் படம் வோணும்னா அறுநூறு ரூபா, எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. அந்தப் பொண்ணு படத்தை அழிக்கிறதுக்கு என்னாண்ட ரேட்டு இல்ல."

சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. முட்டிவலிக்காரர், மாடிப்படி ஏற யோசிப்பவர், ஓடினார். வண்டி ஓரமாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்த சுவேதாவைக் கையைப் பிடித்து எழுப்பி, நடுவர்கள் அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நான். நடுவர்கள் மூன்று முறை படங்களைப் பார்த்தார்கள். தண்டனையை நீக்கினார்கள். மேடையில் இரண்டாம் படியில் சுவேதா ஏறியபோது சரசா அண்ணி அடித்த விசில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

சாயங்காலம் எட்டாம் எண் ஓட்டிய பையன் மேசைக்கு வந்தான். அறுநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டுத் தன் படங்களை வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த போட்டியில் தடத்தின் ஓரம் நிற்க அண்ணனுக்கு அனுமதிச் சீட்டு வரவில்லை. காரணம் கேட்டோம், யாரும் சொல்லவில்லை. நீ போய் எடு பாய் என்று என்னை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே வெறும் மேசையில் உட்கார்ந்தார். முதல் பந்தயம். இருபத்துநான்கு வண்டிகள் கிளம்பும் கோட்டில் உறுமிக்கொண்டு நின்றன. இதோ மேடையில் இருக்கும் தேவராஜ் தன் இன்ஜினை அணைத்தார். பக்கத்தில் சுவேதா அணைத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர். அவருக்கும் பின்னால். எட்டாம் எண்ணும் அணைத்தது. ஐந்தாவது வளைவில் ஜெகதீசன் நிற்கும்வரை வண்டி கிளம்பாது என்று தேவராஜ் சொல்லிவிட்டார். ஒரு பந்தயத் தடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பதினெட்டு நிமிடம். அதற்குப் பிறகு அதிகாரி ஒருவர், தடத்தோரம் நிற்கும் படக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போனார். அண்ணன் அதை மாட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி என் பக்கம் நடந்து வந்தார். கண் கலங்கியிருந்தது. நான் கட்டிப்பிடிக்கப் போனேன். "வண்டி வருது பாய், நவுரு" என்றார்.

அன்பர்களே, அப்படிப்பட்டவருக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்? வருகிற ஞாயிற்றுக்கிழமை புதியவர்களுக்கான போட்டி. துக்க நேரம், இந்த ஒரு முறை விட்டுவிடலாமா என்று அண்ணியிடம் நேற்றுக் கேட்டேன். "முப்பத்தொரு பசங்க மொத தடவையா ஓட்றாங்க பாய். அவங்களுக்கு மொத தடவை இன்னொரு வாட்டி வருமா? நான் வர்றேன்" என்றார்.

ஆகவே சங்கத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன். எண் வாரியாகப் பிரிக்க அண்ணி இருப்பார். வளைவில் நான் நிற்பேன். என்னால் முடியாமல் போனால் அடுத்தவர் நிற்பார், அவரை நானே பழக்கிவைப்பேன். அந்த முப்பத்தொரு பேரில் சிலர் இங்கே பின்வரிசையில் நிற்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பயப்படாதீர்கள் தம்பிகளே, தங்கச்சிகளே. காலை ஏழு மணிக்கு வண்டியைக் கிளப்புங்கள். வேகம் வராவிட்டால் போகிறது. உங்களுக்காக ஒரு ஆள் அங்கே குனிந்து நின்றுகொண்டிருப்பான்.