மேக நோம்பு

மதுரைக்குக் கரண்டுக் கம்பமே வராத காலம். சாயப்பட்டறைத் தெருப் பள்ளிவாசல்ல பிச்சைக்கனின்னு ஒரு மோதினார் இருந்தாராம். நகரா முரசு அடிக்கிறதும் அவர்தான், தொழுகைக்குப் பாங்கு சொல்றதும் அவர்தான். குரல்னா குரல், வைகைக்கு அக்கரையில துணி துவைக்கிறவங்ககூடக் கையை நிறுத்திட்டுக் கேப்பாங்களாம்.

ஒரு வருசம் ஐப்பசி அடைமழையில ரமலான் வந்துச்சு. கடிகாரம் ஏது? வானத்தைப் பாத்துத்தான் எல்லாம். அன்னிக்கு மேகம் கருகருன்னு மூடி, காக்கா கூடடைஞ்சு, கோழியெல்லாம் பஞ்சாரத்துக்குள்ள போயிருச்சு. பொழுது விழுந்துருச்சுன்னு மோதினார் மேல ஏறினார். டம்டம்முனு நகராவை அடிச்சார், பாங்கு சொன்னார். கீழே தெருவே கஞ்சிக் கோப்பையில வாய் வச்சுது.

அந்நேரம் பாத்து மேற்கே மேகம் ஒரு சாண் விலகுச்சு. உள்ளே சூரியன், பழுத்த மிளகா மாதிரி. ரெண்டு தடவை கண்ணை இமைக்குறதுக்குள்ள மறுபடி மூடிருச்சு. பாத்தது அவர் ஒருத்தர்தான்.

சொன்னா வேலை போகும், பேரும் போகும். சொல்லலைன்னா ஈ காக்காய்க்குத் தெரியாது. 

ஆனாலும் படி இறங்கி வந்து நடுக்கூட்டத்துல நின்னு சொன்னார்: "கஞ்சியக் கீழ வைங்க. பொழுது விழலை. தப்பு என்னுது."

தொழுகை நடத்துற அசரத்து மூக்காலயே பேசுவாராம். பெருநாள் கழிச்சு எல்லாரும் ஒரு நோம்பு திரும்பப் பிடிக்கணும்னு இழுத்து இழுத்துச் சொன்னார். அல்வாக்கடை மைதீன், மூணாவது கோப்பையில இருந்தேனேன்னு தலையில கைவச்சார். மோதினார் வீடுவீடாப் போய் வாசல்ல நின்னு சொன்னார். பணியாரம் சுடுற செய்தூன் பீவி கதவுக்குப் பின்னால இருந்து, வெண்கலப் பானையைத் தட்டுன மாதிரி கேட்டாளாம்: "ஒமக்கு இருக்கறது என்ன, கோழிக் கண்ணா?"

அன்னியோட நகராக் குச்சியை அசரத்துக்கிட்டக் குடுத்துட்டு மோதினார் ஒதுங்கிட்டார். மிச்ச நாளெல்லாம் அசரத்தே பாங்கு சொன்னார்.

பெருநாளும் போச்சு. திரும்பப் பிடிச்ச நோம்பு அன்னிக்கு வானம் துடைச்சு வச்ச மாதிரி. பொழுது விழுந்ததைத் தெருவே பாத்துச்சு. அசரத்து நகராக்கிட்டப் போனார், நின்னார், திரும்பி வந்து குச்சியைப் பிச்சைக்கனி மடியில வச்சார். அவரோ தலையைத் தூக்கலை. எல்லார் கையிலும் பேரீச்சம்பழம், ஒரு கையும் வாய்க்குப் போகலை.

சுவருக்கு அந்தப்பக்கம் பெண்கள் பகுதியில இருந்து செய்தூன் பீவி பேசினா: "ஏறும் மோதினாரே. தன் தப்பைத் தானே வந்து சொன்ன வாய் அது. அது சொன்னாத்தான் நான் நோம்பு திறப்பேன்."

ஏறினார். பாங்கு பாதியில குரல் உடைஞ்சு போச்சாம். ஒருத்தரும் குறை சொல்லலையாம்.

இப்ப அங்க நாலு கடிகாரம் தொங்குது, கரண்டுச் சங்கும் ஊதுது. இருந்தாலும் பெருநாள் கழிஞ்ச முதல் வியாழக்கிழமை அந்தத் தெரு மேக நோம்பு பிடிக்கும். அன்னிக்கு மட்டும் சங்கு கிடையாது. மோதினார் மேல ஏறி, மேற்கே பாத்து, தன் கண்ணால கண்டதைச் சொல்லுவார். அதுவரைக்கும் பேரீச்சம்பழம் கையிலயேதான் இருக்கும்.