அம்மா சொன்ன சாட்சி

அண்ணன்: ...இரு, போனை வச்சிடாதே, முழுசாக் கேளு. கொலையானவன் சோபாவுல மல்லாந்து கிடக்கிறான். நல்ல தொந்தி வேற. திடீர்னு ‘அச்சு’ன்னு ஒரு தும்மல்!

தங்கை: யாரு, பிணமா?

அண்ணன்: பிணம்தான்! உடனே நம்ம அம்மா எழுந்து, ‘ஐயோ பாவம், அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் வெந்நீர் குடுங்கப்பா’ன்னாங்க. ஹாலே அதிர்ந்து போச்சு பாப்பா.

தங்கை: ஒரு நிமிஷம்... எந்த ஹால்? நீங்க வீட்டுல இல்லையா?

அண்ணன்: நாடகம் பார்க்க வந்தோம். மத்தியான ஆட்டம் இப்பத்தான் முடிஞ்சுது. பார்க்க வந்தவங்களையும் உள்ள இழுத்துவிட்டு, கொலைகாரன் யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்ற சிரிப்பு நாடகம்.

தங்கை: அண்ணா, அம்மாவுக்குத் துணையா உன்னை வெளியூர்ல இருந்து வரச் சொல்லிட்டு, நான் ட்ரெயினிங் கிளம்புறப்ப என்ன சொல்லிட்டு வந்தேன்? திரும்பி வர்ற வரைக்கும் அம்மாவை எங்கயும் கூட்டிட்டுப் போகாதேன்னு...

அண்ணன்: முட்டி வலின்னுதானே சொன்னே? படியெல்லாம் குடுகுடுன்னு ஏறினாங்க. எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு.

தங்கை: இப்ப அம்மா எங்க?

அண்ணன்: கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். பிணத்தோட நின்னு போட்டோ எடுத்துக்கிறாங்க. என் கண்ணு அங்கதான் இருக்கு, பயப்படாதே.

தங்கை: சரி... அப்புறம்?

அண்ணன்: அப்புறம்தான் கூத்தே. இன்ஸ்பெக்டர் வேஷம் போட்டவன் எங்க ரெண்டு பேரையும் மேடைக்கு இழுத்துட்டான். சாட்சி விசாரணையாம். அம்மாவை ஒரு மேசைக்குப் பின்னால உட்கார வச்சான் பாரு... அவ்வளவுதான்! ‘வரிசையில வாங்க, சில்லறையா எடுத்து வைங்க, மணியார்டர்னா அடுத்த கவுன்ட்டர்’...

தங்கை: அம்மாவா அப்படிச் சொன்னாங்க?

அண்ணன்: போஸ்ட் ஆபீஸை விட்டு எவ்வளவு காலமாச்சு, அதே குரல்! இன்ஸ்பெக்டரே போய் வரிசையில நின்னுட்டான். பின்னாடியே நாடகத்துல வர்ற சமையல்காரி, டிரைவர், எல்லாரும்.

தங்கை: நீ சிரிச்சியா?

அண்ணன்: ஊரே சிரிக்குது, நான் மட்டும் உம்முன்னு நிக்கவா?

தங்கை: வேற என்ன கேட்டான்?

அண்ணன்: என்னைக் காட்டி, ‘இந்த ஆள் யாரும்மா?’ன்னான். அம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு... ‘தெரியலையே சார். காலையில இருந்து கூடவே சுத்துறாரு. என் கைப்பையை வேற வாங்கி வச்சிருக்காரு’ன்னாங்க. கைதட்டுன்னா கைதட்டு, அப்படி ஒரு கைதட்டு! உடனே எனக்கு விலங்கு மாட்டிட்டான்.

தங்கை: அண்ணா...

அண்ணன்: கடைசியில எல்லாரும் ஓட்டுப் போட்டாங்க. சமையல்காரியை விட எனக்குத்தான் அதிகம். நான்தான் கொலைகாரன்! அம்மாவுக்குச் சிறந்த சாட்சின்னு பரிசு வேற, ஒரு பிளாஸ்டிக் பூதக்கண்ணாடி...

தங்கை: அண்ணா, நிறுத்து. போதும்.

அண்ணன்: ஏன்... சிரிப்பு வரலையா?

தங்கை: அம்மா நடிக்கலை.

அண்ணன்: ஏன் அப்படிச் சொல்றே?

தங்கை: முட்டி வலியெல்லாம் சும்மா. போன மழைக்காலத்துல இருந்தே இப்படித்தான். பால் வாங்கப் போறேன்னு போனவங்க பழைய ஆபீஸ் வாசல்ல நின்னுட்டு இருந்தாங்க. டாக்டர்கிட்ட காட்டியாச்சு. மாத்திரை கொஞ்சம் தள்ளிப் போடும், அவ்வளவுதான்னுட்டாரு. ஒரு நாள் என்னையே, ‘நீ வீட்டுக்காரங்க பொண்ணா?’ன்னு கேட்டாங்க. அப்புறம் கொஞ்ச நேரத்துல சரியாயிடும், ஒண்ணுமே நடக்காத மாதிரி பேசுவாங்க.

அண்ணன்: என்கிட்ட ஏன் சொல்லலை? வாரா வாரம் போன் பண்றப்பெல்லாம், ‘அம்மா நல்லா இருக்காங்க, தூங்குறாங்க’ன்னியே...

தங்கை: நீயும், ‘அப்படியா, எழுப்பாதே’ன்னு வச்சுட்டியே அண்ணா.

அண்ணன்: ...ஆமா. வச்சுட்டேன்.

தங்கை: குத்திக் காட்டலை. நானும் சொல்லித் தொலைச்சிருக்கணும். நல்லா நினைவு இருந்தப்பவே நீ வந்து நாலு நாள் கூட இருந்திருக்கலாம். அதை நான் கெடுத்துட்டேன். என்ன பண்றது... என் கையைத் தன் தலையில வச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க. ‘பெரியவனுக்கு மட்டும் தெரியக் கூடாது. போட்டது போட்டபடி ஓடி வந்துடுவான்’னு.

அண்ணன்: ஓடி வந்துடுவேன்னா சொன்னாங்க...

தங்கை: அண்ணா? அழறியா? நீ விளையாட்டுன்னு நினைச்சுட்டே, அவ்வளவுதான். தெரிஞ்சிருந்தா சிரிச்சிருப்பியா?

அண்ணன்: தெரியும் பாப்பா, மேடையிலயே புரிஞ்சுபோச்சு. உன்கிட்ட வேடிக்கையாச் சொல்லி, நீயும் சிரிச்சுட்டா, ஒருவேளை வெறும் நாடகம்தானோன்னு நானும் நம்பிக்கலாம்னு பார்த்தேன். எனக்கு விலங்கு மாட்டுறப்ப அம்மா என் பக்கமா குனிஞ்சாங்க. மெதுவா, ‘தம்பி, பார்த்தா நல்ல பிள்ளையா இருக்கீங்க. நான் இங்க தடுமாறுனதை என் பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’ன்னாங்க. ‘சரிங்கம்மா, சொல்ல மாட்டேன்’னேன்.