நாற்பத்து மூன்றாவது குழி

வெர்னா: காரை ஏன்டா அவ்வளவு தூரத்துல மரத்தடியில நிறுத்திட்டு வந்த?

கிளெம்: மழை பெஞ்சிருக்குல்ல... டயர் புதையும்.

வெர்னா: புதையற காராடா அது? சரி, ரொட்டியைத் தின்னு. இப்பதான் தணல்ல சுட்டேன்.

கிளெம்: கல்லு மாதிரி இருக்குக்கா.

வெர்னா: பொய்ப்பல்லு கட்டினவன் ரொட்டியைக் குறை சொல்றான்.

கிளெம்: அரசாங்கத்துல இருந்து கடுதாசி வந்திருக்கு.

வெர்னா: நம்ம மிஷன் கல்லறையைப் பாதுகாக்கறோம்னு சொல்லிட்டாங்களா?

கிளெம்: அதுக்கு முன்னால ஒரு கேள்வி. மெஷினை உருட்டி மண்ணுக்கடியில பாத்தாங்கல்ல... நாம குடுத்த பட்டியல்ல நாப்பத்திமூணு பேர். உள்ள நாப்பத்திரெண்டுதான் இருக்காம்.

வெர்னா: மெஷினுக்குக் கண்ணு தெரியல போல.

கிளெம்: பெரியம்மா, அதான் உங்கம்மா, குழிக்குப் பக்கத்துல சிப்பி பதிச்ச சின்னக் குழி இருக்கே... அங்க தோண்டின தடமே இல்லையாம்.

வெர்னா: ...டீ ஊத்தட்டுமா?

கிளெம்: அக்கா, இது ஒண்ணு பொய்னா மத்ததையும் நம்ப மாட்டாங்க. கல்குவாரிக்காரன் வக்கீலோட காத்துக்கிட்டு இருக்கான். நம்ம சனம் அத்தனையும் லாரியில ஏறி ஜல்லியாப் போயிடும்.

வெர்னா: நீங்க எல்லாம் டவுனுக்குப் போயிட்டீங்க. நான் ஒருத்திதான் இங்க. காலையில எந்திரிச்சு அந்தச் சிப்பியைத் துடைச்சுட்டுதான் டீயே போடுவேன். பேச எனக்கு வேற யாரு இருக்கா?

கிளெம்: உள்ள யாருமில்லன்னு தெரிஞ்சேவா?

வெர்னா: ...தெரிஞ்சுதான்.

கிளெம்: ஏன்க்கா?

வெர்னா: நம்ம பழங்குடிப் புள்ளைங்களைப் புடிச்சு விடுதியில போடற வெல்ஃபேர்காரங்க கார்ல வந்து தங்கச்சியைத் தூக்கிட்டுப் போனப்ப அவளுக்கு நாலு வயசு. எந்தக் கார் சத்தம் கேட்டாலும் அம்மா ரோட்டுக்கு ஓடுவா. ஏழு வருஷம்டா. தின்ன மாட்டா, தூங்க மாட்டா. என்னால பாக்க முடியல. ‘காய்ச்சல்ல செத்துட்டாளாம், பெட்டியைக் கொண்டாந்து புதைச்சுட்டுப் போயிட்டாங்க’ன்னு சொல்லிட்டேன். மண்ணைக் குவிச்சு சிப்பி பதிச்சது நான்தான். அன்னைக்கு ராத்திரிதான் அம்மா தூங்குனா.

கிளெம்: யாரும் ஒரு வார்த்தை கேக்கலையா?

வெர்னா: செத்தவங்க பேரை நம்மள்ல யாருடா எடுப்பா? பேரை எடுத்தாதானே கேள்வி வரும். நானும் அன்னையிலேருந்து அவ பேரைச் சொன்னதில்ல.

கிளெம்: நான் எழுதிட்டேன்க்கா. பட்டியல்ல. சொந்தக்காரங்க இருந்தா வரட்டும்னு பேப்பர்ல போட்டாங்க.

வெர்னா: செத்தவங்க பேரைப் பேப்பர்லயா? புத்தி இருக்காடா உனக்கு?

கிளெம்: ஒருத்தங்க போன் பண்ணாங்க. அறுபத்தெட்டு வயசு. ‘உங்க பட்டியல்ல எங்கம்மா பேரு இருக்கு. கீழேயே என் பேரும் இருக்கு’ன்னாங்க.

வெர்னா: யாருடா... யாரு பேசினது?

கிளெம்: பட்டியலைத் திருத்தித்தானே ஆகணும்... சாட்சிக்கு ஆளையே கூட்டிட்டு வந்துட்டேன்.

வெர்னா: கிளெம்... அந்தக் கார்ல...

கிளெம்: இறங்க மாட்டேங்கறாங்க. ‘என்னைப் புதைச்ச வீட்டுல யாரு என்னைத் தேடப்போறா’ன்னு அழறாங்க. நீ போய் டல்சின்னு கூப்பிடுக்கா. உயிரோட இருக்கறவங்க பேரைச் சொல்லலாம்.